அடைபட்ட நாடியும் ஆறாப் புண்ணும்

(பாலாவியில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமயத்துக்கும் கல்விக்கும் இலக்கியத்துக்கும் அறக்கட்டளை அமைப்பது நம்மவரிடையே நெடுங்கால வழக்கம். வைத்திய விஷயமொன்றைப் பொதுமக்களுக்கு அவர்கள் மொழியிலேயே எடுத்துரைப்பதற்கென ஒரு நிதியை ஒதுக்கி, அந்தச் சொற்பொழிவைத் தலைநகரத்து மண்டபமொன்றில் வைக்காது, கொழும்புப் பெருவீதியிலிருந்து கற்பிட்டிப் பாதை பிரிகின்ற இந்தப் பாலாவியிலேயே, உப்பளத் தொழிலாளரும் மீனவரும் தோட்டக்காரரும் வேலை முடிந்து வந்து அமரக்கூடிய மாலை வேளையில் வைக்கவேண்டும் என்று விரும்பியவர்களின் உள்ளத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அவர்கள் என்னிடம் ஒப்படைத்த விஷயம், நீரிழிவு உடையவரின் காலில் உண்டாகும் ஆறாத புண். அதிலும் சிறப்பாக, இரத்தவோட்டம் குன்றிய காலில் உண்டாகும் புண்ணும், அதனை ஆற்றுவதற்கு இக்காலத்தில் தோன்றியிருக்கும் புதிய சிகிச்சைகளும்.

புதிய சிகிச்சைகள் பல. அவற்றுட் சில வியக்கத்தக்கவை. ஆயினும் அவை அனைத்தும் ஒரே நிபந்தனைக்கு உட்பட்டவை: புண் இருக்கும் இடத்துக்கு இரத்தம் போய்ச் சேரவேண்டும். இரத்தம் சேராத காலில் மருந்து சேராது. மருந்து சேராத புண் ஆறாது. ஆறாத புண் நாளுக்கு நாள் ஆழமாகி, எலும்பைத் தொட்டு, இறுதியில் காலையே கேட்கும். எனவே, புண்ணைக் கட்டுவதற்கு முன் நாடியைப் பார்க்கும் வழக்கம் ஒவ்வோர் ஊரிலும் வேரூன்றினாலன்றி, உலகத்தின் புதிய கண்டுபிடிப்புகள் எவையும் நம் மக்களுக்குப் பிரயோசனப்படமாட்டா என்பதே இன்று நான் வற்புறுத்த விரும்பும் கருத்து.

நோயின் பரப்பு

நம் நாட்டில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்ற ஆய்வு, வளர்ந்தோரில் ஏறத்தாழ பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவு உடையவர் என்று கூறிற்று. 2018, 2019இல் நடத்தப்பெற்ற இலங்கைச் சுகாதார, முதுமை ஆய்வோ அத்தொகையை நூற்றுக்கு 23 என்று கண்டது. ஒரு காலத்தில் செல்வர் வீட்டு நோய் என்று எண்ணப்பட்ட சீனி வருத்தம், இன்று கூலிக்காரர் குடிசையிலும், இடம்பெயர்ந்து வந்து இக்கரையில் வேரூன்றிய குடும்பங்களின் வீட்டிலும், படகுக்காரர் முற்றத்திலும் ஒன்றுபோலக் காணப்படுகிறது.

இந்தக் கரையோரத்தில் கால் படும் பாடு வேறு பல ஊர்களிலுள்ள கால்களுக்கு இல்லை. உப்பளத்தில் முழங்கால் மட்டும் உவர்நீரில் நின்று உப்பு வாருகிறவரின் பாதத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்: குதிகாலின் விளிம்பைச் சுற்றி வெடிப்புகள், வெடிப்பின் ஓரம் வெண்மையாய்த் தடித்திருக்கும், நடுவிலே மெல்லிய சிவப்புக் கோடு ஓடும், பெருவிரலின் அடியில் காய்த்துப்போன தோல், விரலிடுக்கில் ஊறி வெளுத்த ஈரம். உணர்ச்சியுள்ள கால் என்றால் அந்தச் சிவப்புக் கோட்டில் உப்புப் பட்டவுடனே அவர் துடித்துக் காலை எடுத்திருப்பார். உணர்ச்சி மரத்த கால் அந்த எரிச்சலை அறியாது, வேலை நடந்துகொண்டேயிருக்கும்.

சமய வாழ்க்கையிலும் நம் மக்கள் வெறுங்காலுடையவர்கள். உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலிலே தீமிதித்து நேர்த்தி செலுத்துகிறோம். தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் சுடுமணலில் நடக்கிறோம். பள்ளிவாசலில் ஐவேளையும் கால் கழுவித் தொழுகைக்கு நிற்கிறோம். பக்தியைக் குறைக்கும்படி நான் யாரையும் கேட்கவில்லை. கால் மரத்த ஒருவருக்குச் சூடு தெரியாது என்பதையும், அவர் அறியாமலே பட்ட கொப்புளம் இரத்தவோட்டமில்லாத பாதத்தில் விழுந்தால் ஆறுவது அரிது என்பதையும் அவருடைய வீட்டார் தெரிந்திருக்க வேண்டும் என்றே கேட்கிறேன்.

புண் பிறக்கும் விதம்

நீரிழிவுக்காரரின் காற்புண்ணுக்குக் காரணம் மூன்று. முதலாவது, நரம்பின் கேடு: இரத்தத்தில் சீனி மிகுந்த நிலை ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது நீண்ட நரம்புகள் முதலில் பழுதடைகின்றன, பாதம் உணர்ச்சியையும் வியர்வையையும் இழந்து, தோல் உலர்ந்து வெடிக்கிறது. இரண்டாவது, நாடியின் அடைப்பு. மூன்றாவது, கிருமித் தொற்று. முதலிரண்டும் திறந்துவிட்ட வாசலால் அது நுழைகிறது. ஐரோப்பாவில் பதினான்கு சிகிச்சை நிலையங்கள் கூடி 1,229 நோயாளரை ஆராய்ந்தபோது, காற்புண்ணோடு வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நாடி அடைப்பும் இருந்தது தெரியவந்தது.

நாடி அடைப்பு நீரிழிவில் எடுக்கும் வடிவம் தனித்தன்மையுடையது. உப்பளம் தெரிந்த உங்களுக்கு இதனை விளக்குவது எளிது: களப்பு நீர் தலைவாய்க்காலால் வந்து, கிளைகளாய்ப் பிரிந்து, பாத்திதோறும் பாய்கிறது, தலைவாய்க்கால் நிறைந்தோடினும் கடைசிக் கிளைகளில் சேறு படிந்து அடைத்துக்கொண்டால், கடைக்கோடிப் பாத்தி காய்ந்தே கிடக்கும். அவ்வாறே இந்நோயில் தொடையின் பெருநாடி நன்றாகத் துடித்துக்கொண்டிருக்க, முழங்காலுக்குக் கீழே பாதத்தை நோக்கிச் செல்லும் மூன்று சிறு நாடிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுண்ணம் படிந்து கெட்டியாகி அடைபடுகின்றன. புகைபிடிப்பவருக்கு இந்தக் கேடு விரைந்து வருகிறது.

அடைப்பு உள்ளவருக்கு நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கும் என்பது பொது விதி. ஆனால் நரம்பும் கெட்டிருப்பவருக்கு அந்த எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. வலியில்லாத காரணத்தால் நோயில்லை என்று அவர் நம்பிவிடுகிறார். இன்னொரு மயக்கமும் உண்டு. இரத்தமில்லாத காலைக் கட்டிலுக்கு மேலே தூக்கிப் பிடித்தால் அது மெழுகுபோல் வெளிறும். கீழே தொங்கவிட்டால் செந்நிறம் கொள்ளும். அந்தச் செம்மையைக் கண்டு, "நல்ல இரத்தம் ஓடுகிறது" என்று வீட்டார் மகிழ்கிறார்கள். உண்மையில் அது, பட்டினி கிடந்த நுண்குழாய்கள் தளர்ந்து விரிந்து நிற்பதன் அடையாளம்.

இலங்கையிலிருந்து சென்ற ஓர் உபாயம்

மரத்த காலின் புண்ணுக்கு உலகமெங்கும் இன்று சிறந்ததாகக் கருதப்படும் உபாயம், பாதத்தோடு முற்றிலும் ஒட்டியமையும் சாந்துக்கட்டு. மிதிக்கும் பாரத்தைப் புண்ணின்மீது விழவிடாமல் பாதம் முழுவதற்கும் கெண்டைக்காலுக்கும் பகிர்ந்துவிடுவது அதன் தத்துவம். இவ்வுபாயம் மேனாட்டிலிருந்து நமக்கு வந்ததன்று. 1930களில், தொழுநோயாளரின் மரத்த பாதங்களுக்காக, இந்தியாவில் ஜோசப் கான் என்பவரும், இலங்கையில் கொழும்பு வைத்தியக் கல்லூரியின் சத்திரசிகிச்சைப் பேராசிரியராய் விளங்கிய மில்றோய் போல் அவர்களும் இதனைக் கையாண்டனர். கொல்லிமலையில் பிறந்து வேலூரில் தொழுநோயாளருக்குத் தொண்டு புரிந்த போல் பிராண்ட் என்னும் வைத்தியர் அதனைக் கற்றுக்கொண்டு, 1960களில் ஐக்கிய அமெரிக்காவின் லூசியானாவிலுள்ள கார்வில் தொழுநோய் நிலையத்துக்குச் சென்றபோது உடன்கொண்டு போனார். தொழுநோயாளரின் பாதமும் நீரிழிவுக்காரரின் பாதமும் ஒரே காரணத்தால் அழிகின்றன என்று கண்டு, அதே கட்டை நீரிழிவுக்காரருக்கும் போடச் செய்தார்.

ஏழைகளின் நோய்க்கு ஏழை நாடொன்றில் பிறந்த சிகிச்சை செல்வ நாடுகளுக்குச் சென்று அங்கே பெருமை பெற்றது நம் நெஞ்சு நிமிரத்தக்க செய்தியே. எனினும் அதற்கும் நான் முதலிற் கூறிய நிபந்தனை உண்டு: இரத்தவோட்டம் மிகக் குன்றிய காலில், கழற்ற முடியாத அந்தக் கட்டைப் போடலாகாது. நம்முடைய சொந்தச் செல்வமாகிய இந்தச் சிகிச்சையும் நாடியின் அனுமதியைப் பெற்றே செல்லவேண்டும்.

நாடியை அறிதல்

நாடியை அறிவது கடினமன்று. பாதத்தின் மேற்புறத்தில், பெருவிரலை மேலே தூக்கும்போது புடைக்கும் தசைநாணுக்கு வெளிப்பக்கமாக ஒரு நாடி; உட்கணுக்காலின் எலும்புக்குப் பின்னே மற்றொன்று. இவ்விரண்டையும் விரல்நுனியால் தொட்டறிவது முதற்படி. அடுத்து, சட்டைப்பையில் அடங்கும் டொப்ளர்க் கருவியைக் கொண்டு, கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள், ஈவு 0.9க்குக் குறைந்தால் அடைப்பு உண்டு. இதில் ஒரு சூக்குமம் கவனிக்கத்தக்கது: சுண்ணம் படிந்த நாடியைக் கருவியின் பட்டி அமுக்க முடியாமையால், கெட்டுப்போன காலிலேயே எண் பொய்யாக உயர்ந்து 1.3க்கு மேற் காட்டும். ஆதலால் நீரிழிவுக்காரருக்குப் பெருவிரலின் அழுத்தத்தையும் அளந்து பார்ப்பது நலம். அது 30 மில்லிமீற்றருக்குக் கீழ்ப்பட்டால் தாமதிக்கக்கூடாத நிலை.

எண்கள் எவ்வாறாயினும், காற்புண் பற்றிய சர்வதேசப் பணிக்குழு வகுத்துள்ள நெறி ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்: கிரமமான சிகிச்சை பெற்றும் நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் ஆறும் அறிகுறி காட்டாத புண்ணுக்கு, நாடிகளைப் படம்பிடித்துப் பார்ப்பது பற்றி யோசிக்கவேண்டும். மாதக்கணக்காகத் தினந்தோறும் மருந்து கட்டிக்கொண்டு காத்திருப்பது பொறுமைபோலத் தோன்றலாம். அதனால் இழக்கப்படுவது கால்.

இரத்தத்துக்கு வழி திறத்தல்

அடைபட்ட நாடியைத் தாண்டி இரத்தத்தைக் கொண்டுசெல்ல இரண்டு பெருவழிகள் உண்டு. ஒன்று, மாற்றுவழிச் சத்திரசிகிச்சை: 1948இல் பாரிசில் ஜான் குன்லின் என்பவர், நோயாளியின் காலிலிருந்தே எடுத்த நாளமொன்றைக் கொண்டு அடைப்புக்கு மேலும் கீழும் இணைத்து இரத்தத்தை ஓடச் செய்தார். மற்றொன்று, உள்வழிச் சிகிச்சை: 1964ஆம் ஆண்டு ஜனவரி 16ஆந் திகதி, அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில், விரல்கள் கறுத்து, காலை வெட்டச் சம்மதியாது கிடந்த 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடை நாடியில், சார்ள்ஸ் டொட்டர் மெல்லிய குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செலுத்தி அடைப்பை விரித்தார். கால் சூடு பெற்றது, புண் ஆறியது, அந்த அம்மையார் எஞ்சிய காலமெல்லாம் தம் கால்களாலேயே நடந்தார். பத்தாண்டுகளுக்குப் பின் அன்றியாஸ் குரூன்சிக் பலூன் குழாயை அமைக்கவே, அச்சிகிச்சை உலகெங்கும் பரவிற்று.

இவ்விரண்டில் எது நல்லது என்னும் வினாவுக்கு அண்மைக்கால ஆய்வுகள் விடை தேடியிருக்கின்றன. 1,830 நோயாளரைக் கொண்டு நடந்து 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, காலில் நல்ல நாளம் உடையவருக்கு மாற்றுவழிச் சத்திரசிகிச்சையே சிறந்தது எனக் கண்டது. 345 நோயாளரைக் கொண்டு 2023இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வோ, முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட அடைப்புடையோரில் பலூன் சிகிச்சையை முதலிற் பெற்றவர்களே கால் இழவாமல் உயிரோடிருந்தவர்களில் மிகுதி என்றது. இவை முரண்பட்டவைபோல் தோன்றினும், கற்பிக்கும் பாடம் ஒன்றே: ஒவ்வொரு காலையும் தனித்தனியே ஆராய்ந்து, இரு வழிகளையும் அறிந்த நிபுணர்களே தீர்மானிக்கவேண்டும்.

இவற்றுக்குமேல் வந்தவை இரண்டு புதுமைகள். முழங்காலுக்குக் கீழுள்ள சிறு நாடிகளில், விரித்த வழி மீண்டும் மூடாதபடி மருந்தைக் கசியவிட்டுக்கொண்டே சில ஆண்டுகளில் தானே கரைந்துபோகும் தாங்கிக் குழாய் ஒன்று. பலூன் மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 44 பேர் நன்னிலையில் இருக்க, இதனைப் பெற்றவர்களில் 74 பேர் அவ்வாறு இருந்தனர் என்று 2023இல் வெளிவந்த ஆய்வு தெரிவித்தது. மற்றது அதனினும் துணிவானது. பாதத்து நாடிகள் யாவும் அழிந்து, வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று கைவிடப்பட்டவர்களுக்கு, கெண்டைக்காலில் நாடியிலிருந்து பக்கத்து நாளத்துக்குள் வழியமைத்து, நாளத்தினுள் இருக்கும் ஒருவழிக் கதவங்களை வெட்டித் திறந்து, இதயத்துக்குத் திரும்பவேண்டிய பாதையாலேயே இரத்தத்தைப் பாதத்துக்கு அனுப்புகிறார்கள். 105 பேரைக் கொண்ட ஆய்வில் ஆறு மாதத்தின் பின் நூற்றுக்கு 66 பேர் கால் இழவாமல் உயிரோடிருந்தனர். எனினும் அதற்குள் புண் முற்றாக ஆறியவர்கள் நால்வருக்கு ஒருவரே. காலைக் காப்பது ஒரு கட்டம், புண்ணை ஆற்றுவது அடுத்த கட்டம் என்பதை இந்தத் தொகை எடுத்துக்காட்டுகிறது.

புண்ணின்மேல் இடும் சிகிச்சைகள்

இரத்தவோட்டம் ஓரளவு குன்றியும் முற்றாக நின்றுபோகாத காலுக்கு, சுக்குரோசு ஒக்டாசல்பேற்று என்னும் பொருள் தோய்ந்த கட்டுத்துணி நற்பயன் தருகிறது. புண்ணிலே மிகுந்து சுரந்து புதுத் தசையைத் தின்னும் நொதிகளை அது அடக்குகிறது. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 240 நோயாளரிடம் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வில், 20 வாரத்தில் புண் மூடியவர்கள், இத்துணி கட்டியவர்களில் நூற்றுக்கு 48. மருந்தில்லாத அதேபோன்ற துணி கட்டியவர்களில் 30. நோயாளியின் இரத்தத்திலிருந்தே வெள்ளணுக்களையும் தகட்டணுக்களையும் பிரித்து வட்டத் தகடாக்கிப் புண்ணின்மேல் வைக்கும் முறை, அதே ஆண்டு வெளிவந்த ஆய்வில், நூற்றுக்கு 22க்கு எதிராக 34 பேருக்குப் பயன் தந்தது. அழுத்தமேற்றிய அறையில் ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்யும் சிகிச்சை சுவீடனில் நன்மை காட்டிற்று. ஒல்லாந்திலோ தெளிவான நன்மையைக் காட்டவில்லை.

தைவானில் 2021இல் அங்கீகாரம் பெற்ற களிம்பொன்று நம்மவர்க்கு நெருங்கியது. அதன் மூலிகைகள் இரண்டும் நம் வேலியோரத்திலும் வயலோரத்திலும் வளரும் கற்பூரவள்ளியும் வல்லாரையும். 236 பேரிடம் செய்த சோதனையில், 16 வாரத்தில் ஆறியவர்கள் நூற்றுக்கு 60க்குச் சற்று மேல். மற்றக் கட்டுப் பெற்றவர்கள் 35. இதைக் கேட்டவுடன் இலையை அரைத்துப் புண்ணில் அப்பிவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அக்களிம்பு சுத்திகரித்து அளவறிந்து ஆக்கப்பட்டது. அச்சோதனையில் சேர்க்கப்பட்டவர்களும் கணுக்காலில் போதிய இரத்தவோட்டம் உடையவர்களே. வேலியோரத்து இலை நேராகப் புண்ணுக்குப் போனால், அதனோடு மண்ணும் கிருமியும் போகும்.

புதியவை யாவும் நிலைப்பதுமில்லை. புது நாடிகளை முளைக்கச் செய்யும் என்ற நம்பிக்கையுடன் யப்பான் 2019இல் நிபந்தனையோடு அனுமதித்த மரபணு மருந்து, 2024இல் மீட்டுக்கொள்ளப்பட்டது. இந்தியா 2020இல் பெங்களூரு நிறுவனமொன்றின் தண்டணு மருந்தை, கால் நாடி அடைப்புக்கு ஏற்றுக்கொண்டது. அதன் நீண்டகாலப் பயனைக் காலம் காட்டும். ஆகவே, "புதியது" என்ற சொல்லுக்காக வீட்டையும் நகையையும் ஈடுவைக்கவேண்டிய அவசியம் எவருக்குமில்லை. பெரும்பாலான கால்களைக் காப்பவை, நாடியைத் திறத்தல், அழுகியதை அகற்றல், தொற்றை அடக்கல், பாரத்தை நீக்கல், சீனியைக் கட்டுப்படுத்தல் ஆகிய ஐந்துமே.

நாம் செய்யத்தக்கவை

கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நாடிச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் இருக்கிறார்கள். அரசாங்க வைத்தியசாலைக்குக் கட்டணம் இல்லை. நமக்குள்ள குறை, இங்கிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தத் தூரத்தை, விரல் கறுத்த பிறகே கடப்பது. முதலில் புண்ணை மறைக்கிறோம், பின்பு கைமருந்து, பின்பு பக்கத்துக் கடையில் வாங்கிய களிம்பு, பின்பு ஒருநாட் கூலியை இழக்க மனமில்லாத தயக்கம். உப்பளத்திலும் வாடியிலும் நாட்கூலிக்கு உழைப்பவரின் அந்தத் தயக்கத்தை நான் குற்றமாகக் கருதேன். அவருடைய முதலாளிமாரும் சங்கங்களும் ஒரு நாட் கூலியை விட்டுக்கொடுத்தால் ஒரு குடும்பத்தின் உழைக்குங் கால் நிலைக்கும் என்பதை மட்டும் நினைவுறுத்துகிறேன்.

வீட்டிலே செய்யத்தக்கது எளிது. இங்கிலாந்தின் இப்சுவிச் நகரத்து வைத்தியர்கள் வகுத்த முறைப்படி, தாய் தந்தையரைக் கண்ணை மூடச் சொல்லி, இரு பாதங்களிலும் முதலாம், மூன்றாம், ஐந்தாம் விரல்களின் நுனியை ஓரிரு கணம் மெல்லத் தொடுங்கள். அந்த ஆறில் இரண்டை உணரத் தவறினால், கால் மரக்கத் தொடங்கிவிட்டது என்று கொண்டு வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தொழுகைக்கு முன் வுழூச் செய்யும் சகோதரர்களுக்கு நாளில் ஐந்து முறை பாதத்தைப் பார்க்கும் வாய்ப்பு மார்க்கத்தினாலேயே அமைந்திருக்கிறது. கழுவியபின் விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தி, அடிப்பாதத்தையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். சுடுநீரில் காலை வைப்பதற்கு முன் மரக்காத ஒருவரின் கை அந்நீரைத் தொட்டுப் பார்க்கட்டும். வேலூரில் தொழுநோயாளருக்காக ஆக்கப்பட்ட மென்ரப்பர்ச் செருப்பைப் போன்ற பாதணியை வீட்டுக்குள்ளும் அணியட்டும். கால் மரத்த பெரியவர் தீமிதிக்க விரும்பினால், அவர் சார்பில் மகனோ பேரனோ நேர்த்தியைச் செலுத்தலாமா என்று கோயிற் பெரியோர் ஆலோசித்து வழிகாட்டட்டும்.

கிளினிக்குக்குப் போகிறவர்கள், வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல், செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள். "என் கால் நாடியைப் பார்த்துச் சொல்லுங்கள், ஐயா" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அறக்கட்டளையாருக்கும் விண்ணப்பம் ஒன்று உண்டு. இந்நிதியின் வருமானத்திலிருந்து இப்பகுதிக் கிளினிக்குகளுக்குக் கைக்கு அடக்கமான டொப்ளர்க் கருவிகளும், அவற்றைக் கையாளத் தாதியர்க்குப் பயிற்சியும், நாடி அடைப்பு உறுதியானவர் அதே வாரத்தில் கொழும்பு செல்வதற்குரிய பிரயாணச் செலவும் கிடைக்கச் செய்யுங்கள். அவ்வாறு செய்தால் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவில் பேசுவதற்கு ஒரு வைத்தியரைத் தேடவேண்டியதில்லை. காலை இழவாமல் உப்பளத்துக்குத் திரும்பிய ஒரு தொழிலாளியே இந்த மேடையில் நின்று, சிகிச்சையின் சிறப்பை என்னிலும் நன்றாக உங்களுக்கு எடுத்துரைப்பார்.